இரண்டாவது மிக்ஸ்

"பேஸ் சத்தம் ரொம்பத் தூக்கலா இருக்கு. பாடுறவங்க குரல் முங்கிப்போச்சு. சரிபண்ணி அனுப்புங்க, பார்க்கலாம்."

அதைப் படித்த லாரி மெக்கானிக், கிரீஸ் கையாலேயே கைப்பேசியைக் கட்டிலில் எறிந்தான். செய்தி வந்தது, சொந்தமாகப் பாட்டு உருவாக்கி, குரலையும் இசையையும் கலந்து 'மிக்ஸ்' ஆக்கிப் பகிர்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில். எல்லோருடைய மிக்ஸிலும் நொட்டை சொல்பவருக்கு அங்கே 'பாம்புக்காது' என்று பெயர். அவர் தலையாட்டினால்தான் ஆண்டு விழாவில் பாட்டு மேடையேறும்.

"பாம்புக்காதாம்! கழுதைக் காது. பேஸுக்கும் பஸ் ஹாரனுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம்."

பாட்டைப் பாடிய மனைவி மெதுவாகச் சொன்னாள். "அவரு சொல்றது சரின்னுதான் எனக்கும் படுது."

"நீ சும்மா இரு. என்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு கோளாறுன்னு சொல்றவன் நான்."

மறுநாள் பட்டறையிலிருந்து வந்ததும் ஒரு குசும்பு செய்தான். கம்ப்யூட்டரில் இருந்த அதே பாட்டை ஹெட்போன் மாட்டி இரண்டு தடவை ரசித்துக் கேட்டான். பிறகு 'இரண்டாவது மிக்ஸ்' என்று பெயரை மட்டும் மாற்றி அனுப்பினான்.

"அருமை! இப்பதான் குரல் மேல வந்திருக்கு" என்று பாம்புக்காதிடமிருந்து பதில் வந்தது.

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான். 'அட மடையா, நேத்துப் போட்ட அதே பாட்டுதான்யா இது! இந்தக் காதை வச்சுக்கிட்டா ஊருக்கே தீர்ப்பு சொல்ற?' என்று குழுவில் போட்டுவிட்டு மனைவியிடம் காட்டினான்.

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயையோ, மத்தியானம் நான்தான் பேஸைப் பாதியாக் குறைச்சு, அதே பேர்லயே சேவ் பண்ணி வச்சேன். ரெண்டு தடவை காதுல மாட்டிக் கேட்டீங்களே, உங்களுக்கு வித்தியாசமே தெரியலையா?"