கண்ணைச் சிமிட்டவும்

நாற்று நட்டே தேய்ந்துபோன சிட்டம்மாளின் கைரேகையை மெஷின் ஏற்கவில்லை. அதனால் அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க, பென்ஷன் ஆபீஸிலிருந்து ஸ்ரீகாந்த் போனோடு வீட்டுக்கே வந்தான்.

“கண்ணைச் சிமிட்டும்மா.”

சிமிட்டினாள். போன் ஏற்கவில்லை.

“எதிர்லயே குந்திக்கினு கீறேன். உனுக்குக் கண்ணு தெரியலையா?”

“நான் பார்த்தா செல்லாது. ஆப் பார்க்கணும்.”

மறுபடி சிமிட்டினாள். போன் பேசியது: “வேதகிரி உயிருடன் உள்ளார்.”

வேதகிரி அவள் புருஷன். குடித்தே செத்தவன். அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் மாலையோடு தொங்குகிறான்.

“சிஸ்டம் தப்பா சொல்லாது. பென்ஷன் இனிமே அவர் பேர்லதான்,” என்று ஸ்ரீகாந்த் கிளம்பினான்.

சிட்டம்மாள் படத்தின் பக்கம் திரும்பினாள்.

“உசுரோட இருந்தப்பவும் என் கூலியத்தான் தூக்கினு போன,” என்றாள்.

எப்போதும் முறைத்துக்கொண்டிருக்கும் அந்தப் படம், சிமிட்ட மூடிய கண்ணை இன்னும் திறக்கவில்லை.