தனலெட்சுமிக்கு ஓய்வு

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு, காய்ச்சல் நாளிலும் தனலெட்சுமி முதல் ஆளாக வந்து நிற்பாள். அந்த மாசியில் மட்டும், கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டும்போதே அழுகை வந்தது. கணவன் நல்லையாதான் லீவு சொல்லி, மொனராகலையில் இருந்த தங்கை வீட்டுக்கு அவளை பஸ் ஏற்றிவிட்டான்.

அங்கே ஒரு வாரம் ஆசை தீரத் தூங்கினாள். எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். முகம் தெளிந்து ஒரு மாலை தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பினாள்.

நல்லையா அவள் கைப்பையைப் பார்த்தான். "இது என்ன புது வேஷம்? போன மறுநாளே திரும்பி வந்து கூடையத் தூக்கிட்ட. எவ்வளவு சொன்னேன், கேட்டியா?"

"நான் இப்பதாங்க பஸ்ஸ விட்டு இறங்கி வர்றேன்."

அப்போது கூடையோடு வாசலில் வந்து நின்றவளுக்கும் தனலெட்சுமியின் முகம்தான். கண்கள் மட்டும் குழிவிழுந்திருந்தன.

தனலெட்சுமி பயப்படவில்லை. அந்தக் களைப்பு அவளுக்குத் தெரிந்ததுதான். கூடையை இறக்கிவைத்து, வந்தவளின் தோளில் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

"படுத்துக்க. நாளைக்கு நீயும் போக வேணாம். நாம போகலன்னா தேயிலை வாடிருமாக்கும்."

விடியலில் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் சத்தம் கேட்டது. பாயில் அயர்ந்து தூங்கிய இருவரையும் ஒரே கம்பளியால் போர்த்திவிட்டு, நல்லையா வேலைக்குக் கிளம்பினான்.