நான்காவது பெஞ்சு

எத்தனை தடவை எண்ணினாலும் பெஞ்சு மூன்றுதான் இருந்தது. பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, திரும்பி வந்து, அவள் மறுபடியும் எண்ணினாள். கையிலிருந்த போன் மட்டும் விடாப்பிடியாக நான்கு என்றது.

போனைத் திட்டவும் வழியில்லை. அந்த சாஃப்ட்வேரை எழுதியவளே அவள்தான். ஸ்டேஷன் பெயரை அடித்தால் போதும், பிளாட்பாரம் எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், பெஞ்சு எத்தனை, குழாய் எந்தப் பக்கம், கடிகாரம் உண்டா என்று எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிடும். ஊர் உலகத்துப் பெஞ்செல்லாம் இவளுக்கு அத்துப்படி, வீட்டில் என் கண்ணாடி எங்கே என்று கேட்டால் மட்டும் தெரியாது என்று அவள் கணவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டு வருட உழைப்பு. என்ன பிரயோசனம்? ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. "ரயில் எப்ப வரும்னு கேப்பாங்க. பெஞ்சு எத்தனைன்னு யாரு கேக்கப் போறாங்க?" என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஒரு மாதம் முழுக்க ஒருவர்கூடத் திறந்து பார்க்காவிட்டால் அதை இழுத்து மூடிவிடுவது என்று முடிவாகியிருந்தது. அவளும் அவள் கணவனும் திறந்தால் கணக்கில் சேராது என்பதையும் மறக்காமல் எழுதியிருந்தார்கள்.

மூடாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். பெயர் போடாத ஆள். இந்த ஒரு ஸ்டேஷனைப் பற்றி மட்டும் பார்ப்பார், மாதம் பிறந்ததும் முதல் வேலையாக ஒரு புகார் அனுப்புவார். முதலில் குப்பைத் தொட்டி ஒன்றல்ல, இரண்டு என்றார். போன மாதம் பெஞ்சு மூன்றல்ல, நான்கு என்றார். வந்து பார்த்தால் நான்குதான் இருந்தது, திருத்தினாள். இந்த மாதம் நான்கல்ல, மூன்று என்கிறார்.

புகார் வந்தால் யாராவது நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும், அதுவும் ரயிலில்தான் போக வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். ரயில்வே வேலைக்குக் காரில் போய் இறங்கினால் நன்றாகவா இருக்கும்? வேறு யாரும் நகரவில்லை, மாதாமாதம் அவளே வந்தாள். மூன்று மணி நேரப் பயணம். இறங்குவது அவள் ஒருத்திதான். ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்து அவள் டிக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

இன்றைக்கு அந்தப் புகார்க்காரரைக் கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று வந்திருந்தாள். கண்டால் கையெடுத்துக் கும்பிடுவதா, கழுத்தைப் பிடிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டரின் அறைக்குப் போய் விசாரித்தாள். இங்கே அடிக்கடி வந்து பெஞ்சு எண்ணுகிற பயணி யாராவது உண்டா? அவர் காதைச் சொறிந்துகொண்டே, முதலில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். போனைப் பையில் வைக்கக் குனிந்தபோதுதான், தான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் கால்களில் சிமெண்ட் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

"சார், இது வெளியில இருந்த பெஞ்சுதானே?"

அவர் மறைக்கவில்லை. "ஆமாம்மா. நானும் வீட்டுக்காரியும்தான் தூக்கிட்டு வந்தோம். நல்ல கனம்."

"அப்ப அந்தப் புகாரெல்லாம்?"

"நான்தான்."

இரண்டு வருடம் ராப்பகலாக எழுதியதை உலகத்தில் ஒரே ஒருவர் பார்த்தார், அவரும் பெஞ்சைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டுப் பார்த்திருக்கிறார். அழக்கூடாது என்று நினைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் பதறிப்போய்ச் சுவரைக் காட்டினார். மேலிடத்துக் கடிதம் ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு மாதம் முழுக்க ஒரு பயணிகூட வந்து இறங்காவிட்டால் இந்த ஸ்டேஷன் மூடப்படும். மேஜைமேல் இறங்கியவர்களின் டிக்கெட்டை ஒட்டிவைக்கும் நோட்டுத் திறந்து கிடந்தது. மாதத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு டிக்கெட். கடைசி மூன்று பக்கமும் அவளுடையது.

இருபத்திரண்டு வருடமாக அவருக்கு வீடும் வாசலும் இதுதானாம். மூடினால் எங்கே போவதென்று தெரியாதாம். சொந்தபந்தம் எல்லோரையும் விருந்துக்குக் கூப்பிட்டுப் பார்த்தாராம், அத்தனை பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்களாம். சொந்த மாப்பிள்ளையே பைக்கில்தான் வந்தாராம். அப்போதுதான் அவளுடைய சாஃப்ட்வேரைப் பற்றிச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. புகார் கொடுத்தால் ஆள் ரயிலில் வந்து பார்ப்பார்கள் என்று அதில் போட்டிருந்ததாம்.

"தப்புதாம்மா. பெஞ்சைச் சாயங்காலமே போட்டுடறேன். உங்க சாஃப்ட்வேரை இனிமே தொடக்கூட மாட்டேன்" என்றார்.

திரும்பும் ரயிலுக்கு மணி அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள், பிளாட்பாரத்தை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"பெஞ்செல்லாம் தூக்காதீங்க சார், அக்காவுக்கு இடுப்பு பிடிச்சுக்கும். அடுத்த மாசம் கடிகாரத்தைக் கழட்டுங்க."