கறை படாத பல்செட்

"அந்தம்மா வருவாங்களா, மாட்டாங்களா? ஒரே வார்த்தையில சொல்லு."

புராஜெக்ட் கைடு பொறுமையிழந்து கேட்டார். அவள் தேர்வு அறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் பைண்ட் பண்ணிய புராஜெக்ட். செய்முறை இருக்கிறது, போட்டோ இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. முடிவு மட்டும் இல்லை. அது பழக்கடைக்காரம்மாவின் வாயில் இருக்கிறது.

பல் தொழில்நுட்பப் படிப்பில் அவளுக்குக் கடைசி வருடம். சாதாரண பல்செட் டீ, காபி பட்டால் மஞ்சளடித்துப் போகும். அவள் அதன்மேல் புதிதாக ஒரு பூச்சு பூசியிருந்தாள். யாராவது ஒருவர் அதை ஒரு மாதம் போட்டுக்கொண்டு தின்று குடிக்க வேண்டும். கறை பட்டதா இல்லையா என்று தேர்வாளரிடம் காட்ட வேண்டும்.

கல்லூரி வாசலில் பழம் விற்கும் அம்மாதான் அகப்பட்டார். வாயில் பல் ஒன்றுகூடக் கிடையாது. பேச்சுக்கு மட்டும் குறைச்சல் கிடையாது. நாள் முழுக்க டீ.

பல்செட்டை மாட்டிப் பார்த்த அன்று கண்ணாடியை விட்டு நகரவே இல்லை அந்தம்மா.

"டாக்டரம்மா, இத்தனை வருஷமா ஆப்பிளை விக்கிறேனே தவிர கடிச்சதில்லை. இனிமே பாரு!"

"நான் டாக்டர் இல்லம்மா, டெக்னீஷியன். ஆப்பிளை நறுக்கித்தான் சாப்பிடணும். தினமும் போட்டுக்கோங்க. பத்திரம்மா, என் பரீட்சையே இந்தப் பல்லுலதான் இருக்கு."

"அடேயப்பா, பரீட்சைக்குப் போற பல்லா இது?"

டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனதோடு சரி. அதற்கப்புறம் எப்போது கடைப்பக்கம் போனாலும் பொக்கை வாய்தான்.

"எங்கம்மா பல்லு?"

ஒரு நாள், "இப்பத்தான் கழுவி வெச்சேன்." இன்னொரு நாள், "தலைவலின்னு கழட்டிட்டேன்." மூன்றாவது தடவை எரிந்தே விழுந்தார். "வியாபார நேரத்துல வந்து பல்லு பல்லுங்கறியே, போ அந்தப் பக்கம்!"

"வித்துட்டாங்கடி," என்றாள் தோழி.

"அவங்க வாய்க்கு அளவெடுத்த பல்லை எவ வாங்குவா?"

"அப்போ தொலைச்சிருப்பாங்க. நீ வேணும்னா பாரு, பரீட்சையன்னிக்குக் கம்பி நீட்டிடுவாங்க. ஓசியில குடுத்தா இப்படித்தான்."

அதுதான் நடந்துவிட்டது என்று அவளுக்கும் இப்போது பட்டது. உள்ளங்கை வேர்த்துப் புராஜெக்ட் அட்டை ஈரமாகிவிட்டது. இன்றைக்கு விட்டால் அடுத்த பேட்ச்சோடுதான். லேப்பில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிற மாமா மூஞ்சியில் எப்படி விழிப்பது?

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த ஆளைக் கூப்பிடலாமா?"

"சார், இதோ வந்துடுவாங்க சார்..."

"வந்துட்டேன், வந்துட்டேன்! கடையைப் பார்த்துக்க ஆள் வேணாமா? பக்கத்துச் செருப்புக்கடைக்காரன் இப்பத்தான் ஆடி அசைஞ்சு வர்றான்!"

முதலில் குரல் வந்தது. பின்னாலேயே மூச்சிரைக்க அந்தம்மா. பையிலிருந்து டப்பா வெளியே வந்தது.

தேர்வாளர் பல்செட்டை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, டீ குடிக்கிற பழக்கம் உண்டா?"

"அது இல்லாட்டி எனக்குப் பொழுதே விடியாதுங்க."

"ஒரு பொட்டுக் கறை இல்லையே!" கைடு பக்கம் திரும்பினார். "பிரமாதம் சார். இந்த வருஷம் முதல் மார்க் இந்தப் பொண்ணுக்குத்தான்."

கைடு முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தம்மாவை வராந்தாவுக்குக் கூட்டிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. உங்களைப் பத்தி என்னென்னவோ நெனச்சுட்டேன்."

"நெனச்சிருப்பே. மூஞ்சியை உர்ருன்னு வெச்சுக்கிட்டுப் போவியே, பார்க்கலையா நான்?" அந்தம்மா குரலைத் தாழ்த்தினார். "அந்த சாரு கறை இல்லை, கறை இல்லைங்கறாரு. எப்படி இருக்கும்? நான் வாயில வெச்சாத்தானே?"

"என்னம்மா சொல்றீங்க?"

"மாசம் பூரா ரொட்டியை டீயில ஊறப்போட்டுத்தான் முழுங்கினேன். ஆசையா இருக்கும். டப்பாவைத் திறந்து பார்த்துட்டு மூடி வெச்சுடுவேன். நீ தினமும் போடச் சொன்னேதான், ஆனா பரீட்சைக்குப் போற பொருளை எச்சில் பண்ணலாமா? நீ திட்டுவேன்னுதான் என்னென்னவோ சாக்குச் சொன்னேன்." பைக்குள் கைவிட்டு ஓர் ஆப்பிளை எடுத்தார். "இப்பத்தான் முடிஞ்சுடுச்சே. இனிமே கடிக்கலாமில்ல?"

அவள் திறந்திருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே தேர்வாளர் பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தார். வராந்தாவில் வேறு ஒருவரும் இல்லை. ஆப்பிளோடு நிற்கிற அந்தம்மாவுக்குத் தான் என்ன செய்தோம் என்றே தெரியாது. இவள் வாயை மூடிக்கொண்டால் விஷயம் இங்கேயே முடிந்துவிடும்.

உள்ளே போனாள்.

"சார், கையெழுத்துப் போட்டுடாதீங்க."

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, பல்செட் டப்பாவோடு அவள் வெளியே வந்தபோது கைடு கத்துவது வராந்தா வரைக்கும் கேட்டது. அந்தம்மா மிரண்டு போய் நின்றார்.

"என்ன டாக்டரம்மா, பாஸா?"

"இன்னும் இல்லம்மா. அடுத்த பேட்ச்சோட வரச் சொல்லிட்டாங்க. நீங்க முதல்ல பல்லை மாட்டுங்க."

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?"

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. மாட்டுங்க."

கூச்சத்தோடு மாட்டிக்கொண்ட அந்தம்மா ஆப்பிளை வாய்க்குக் கொண்டுபோனார். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"நறுக்கித் தர்றேன், வாங்க."

அந்தம்மாவின் கையை விடாமல் எதிர்ப்பக்க டீக்கடைக்கு நடத்திப் போனாள்.

"அண்ணே, அம்மாவுக்கு ஒரு டீ போடுங்க. நல்லா கறை பிடிக்கிற மாதிரி!"