பினாங்குப் பூட்டு

பூட்டுக்குள் ஐந்தாவது முளை மறுபடியும் நழுவியது. அதோடு சேர்ந்து மற்ற நான்கும் விழுந்தன.

ரெங்கராஜ் டிரங்குப் பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் குடைக்கம்பி, மறு கையில் தட்டித் தட்டையாக்கிய சைக்கிள் கம்பி. முதுகெல்லாம் வியர்வை.

பின்னால் நாற்காலியில் மாமனார் பிச்சைமுத்து. மகள் அமிர்தத்தை ஆடிக்கு அழைத்துப்போகத் தொட்டியத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர். அவர் கொண்டுவந்த வாழைத்தார் இன்னும் நடையில் சாய்ந்து கிடந்தது.

வைகாசியில்தான் கல்யாணம். புதுப்பெண் முதல் ஆடியைத் தாய்வீட்டில்தான் கழிக்க வேண்டும், அதில் மறுபேச்சு கிடையாது. ஆடி பிறக்க இன்னும் நாலைந்து நாள் இருந்தது. ஆனால் நாளைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி. இன்றைக்கே பத்தரைக்குள் கிளம்பினால் உண்டு, அப்புறம் ராகுகாலம், அது கழிந்தால் பஸ் கிடையாது.

கூறைப்புடவை கட்டிக்கொண்டுதான் மருமகள் படி இறங்க வேண்டும் என்பது ரெங்கராஜின் அம்மா பொன்னுத்தாய் போட்ட சட்டம். கூறைப்புடவை பெட்டிக்குள் இருந்தது. பெட்டிச் சாவியைத்தான் காலையிலிருந்து காணோம்.

கல்யாணப் பெட்டியை உடைப்பது அபசகுனம் என்று அதற்கும் பொன்னுத்தாயே தடை போட்டுவிட்டாள். கோட்டை வாசலில் சாவி போடுகிறவனிடம் ஆள் போனதற்கு, திண்டுக்கல் பூட்டென்றால் வருகிறேன், சீமைப் பூட்டுக்கு ஆளை விடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

நான் திறக்கிறேன் என்று ரெங்கராஜ் எழுந்தது அப்போதுதான்.

மின்சார ஆபீஸில் அவனுக்குக் கணக்கெழுதுகிற வேலை. ஸ்ரீரங்கத்து நண்பன் ஒருவன் கொடுத்த பழைய இங்கிலீஷ் பத்திரிகையில், சாவியில்லாமல் பூட்டைத் திறப்பது எப்படி என்று நாலு படம் போட்டிருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். இதுவரை அவன் கைக்கு மசிந்தவை ஆபீஸ் மேஜை டிராயரும் பக்கத்து வீட்டுச் சைக்கிள் பூட்டும்தான்.

கல்யாணப் பந்தலில் இதைக் கேள்விப்பட்ட மாமனார், மாப்பிள்ளைக்குச் சுவரில் கன்னம் வைக்கவும் வருமோ என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டுவைத்தார். பந்தியே சிரித்தது. அது ரெங்கராஜுக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அவர் கண் முன்னாலேயே திறந்து காட்டிவிட்டால், அப்புறம் அந்த வாயிலிருந்து அந்தப் பேச்சு வராது.

மாமனாருக்கும் தர்மசங்கடம்தான். பூட்டு, அவர் தம்பி பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. சாவியில்லாமல் இதைத் திறக்க ஒருத்தன் பிறந்து வரவேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மகளும் கிளம்ப வேண்டும், பூட்டும் தோற்கக் கூடாது.

உள்ளே வழுக்கிக் கொடுக்கட்டும் என்று ரெங்கராஜ் பென்சில் முனையைச் சுரண்டி, அந்தக் கருப்புப் பொடியைச் சாவித்துளைக்குள் ஊதினான். பாதி மூக்கில் ஏறியது. தும்மினான்.

சைக்கிள் கம்பியால் பூட்டைத் திருகினமேனிக்கு இருக்க வேண்டும். குடைக்கம்பியால் உள்ளே இருக்கிற பித்தளை முளைகளை ஒவ்வொன்றாக, அதனதன் உயரத்துக்குத் தூக்கி நிறுத்த வேண்டும். நாலு நின்றது. ஐந்தாவதைத் தொடும்போது மாமனார் கனைத்தார். எல்லாம் போயிற்று.

வாசற்படியில் வந்து நின்ற அமிர்தம் வெளிச்சத்தை மறைத்தாள். தள்ளி நிற்கச் சொன்னான். கொஞ்சம் தள்ளினாள், மறுபடி மறைத்தாள்.

"ரொம்பக் கஷ்டமா இருந்தா விட்டுடுங்களேன்."

கட்டின பெண்டாட்டிக்கே நம்பிக்கை இல்லையே என்று அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

கையை உதறிவிட்டு யோசித்தான். அப்போதுதான் தன் கையே தனக்குப் பிடிபட்டது. மாமனார் கனைக்கும்போதெல்லாம் திருகுகிற விரல் இறுகிவிடுகிறது. இறுக்கினால் முளை எங்கே நகரும்? தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து கிலுகிலுப்பையை எடுக்கிற மாதிரி அல்லவா தொட வேண்டும்.

விரலைத் தளர்த்தினான். கண்ணை மூடிக்கொண்டான்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதுக்கு அடம், அதை விட்டு ஐந்தாவதுக்குப் போனான். அது நின்றது. திரும்பி வந்து நான்காவதை மெல்ல நெம்பினான்.

விரலடியில் பூட்டின் உள்பாகம் சுழன்றது. வளையம் சத்தமே இல்லாமல் நெல்லளவு மேலே எழும்பியது.

ரெங்கராஜுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. பந்தலில் சிரித்த அத்தனை பேரையும் இப்போதே கூப்பிட வேண்டும் போலிருந்தது. மாமா என்று கத்த வாயைத் திறந்தான்.

எப்போது வந்து பக்கத்தில் குந்தினாள் என்று தெரியவில்லை. அமிர்தத்தின் கை அவன் கையைத் தாண்டி வந்தது. கட்டைவிரலை வளையத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.

டக்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, பூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

மண்டூகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து உயிரைக் கொடுத்து அவன் திறக்கப் பார்த்தது, அவளை அனுப்பி வைக்கத்தான்.

அமிர்தம் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"இவருக்கு இது வராதுப்பா."

பிச்சைமுத்து தொடையைத் தட்டிச் சிரித்தார். பினாங்குப் பூட்டென்றால் சும்மாவா என்றார். ஆமாங்க மாமா, எனக்கு வராதுங்க என்று ரெங்கராஜ் ஒப்புக்கொண்டான். தோற்றவன் முகத்தில் அப்படி ஒரு களை இருக்கக் கூடாது என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

கடிகாரம் பத்தரையைத் தாண்டியது. பொன்னுத்தாய் சம்பந்திக்கும் சேர்த்து உலை வைக்கப் போனாள்.

சிரித்து முடித்த பிறகுதான் பிச்சைமுத்துவுக்குக் கவலை வந்தது. பூட்டு ஜெயித்தது சரி, கூறைப்புடவையை எப்படித்தான் வெளியே எடுப்பது?

சாவி எங்கேயும் போயிருக்காது, நவமி கழிந்ததும் கிடைத்துவிடும் என்று அமிர்தம் அப்பாவுக்குத் தைரியம் சொன்னாள்.