சிவப்புக் காரின் சாதனை

சிரிப்பு கட்டாயம் உண்டு, ஆனால் உடனே கிடையாது. காரின் பெருமையைக் கொஞ்சம் கேட்டுவிட்டுத்தான்.

பந்தயத் திடலில் நின்ற சிவப்புக் காருக்குள், வேகம், சூடு என எல்லாவற்றையும் பதிவுசெய்யும் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது.

"அண்ணே, உங்க நேத்து ஓட்டத்தை வாசிக்கவா?" என்றது பெட்டி.

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசி தம்பி."

"ஒரே மூச்சுல தொண்ணூறு கிலோமீட்டர். இன்ஜின் சூடே ஏறலை. டயர் துளிகூடத் தேயலை."

கார் பூரித்துப்போய், வரிசையில் நின்ற கார்களைப் பார்த்துச் சவால் விட்டது. "இன்னைக்கு எவன் என்னை முந்துறானோ, அவனுக்கு என் நாலு டயரும் சொந்தம்."

எல்லாக் கார்களும் சம்மதித்தன.

"கடைசி வரி ஒண்ணு பாக்கியிருக்கு அண்ணே. பெட்ரோல் ஒரு சொட்டுகூடக் குறையலை."

கார் குரலைத் தாழ்த்திக் கேட்டது.

"தம்பி, நேத்து என்னை லாரியில ஏத்தித்தானே கொண்டுவந்தாங்க?"