வெர்லினின் டப்பா திறக்கிறது

அமெரிக்காவின் டூசான் நகர விடுதிக் கூடத்தில், பழைய படச்சுருள் சேகரிக்கும் எங்களின் வருடாந்தரச் சந்தை. நான் என் சுருள் டப்பாக்களை அடுக்கியிருக்கும் மேசைக்குப் பக்கத்து மேசையில் என் இருபது வருட நண்பர் வெர்லின் டேக்கெட் தகர டப்பாவின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ஒரு பழைய கௌபாய் படம். நாயகன் கடைசிவரை துப்பாக்கியைத் தொடாததால் ஒரு வாரம்கூட ஓடாதது. வேறு பிரதி எங்கும் இல்லை என்பதால் இன்று ஆளாளுக்கு அதற்கு அலைகிறார்கள். வாங்க வந்த லோர்னா எதிரே நிற்கிறாள். "தூசி போகக்கூடாதுன்னு முப்பது வருஷமா டேப் சுத்தியே வச்சிருக்கேன்," என்கிறார் வெர்லின் பெருமையாக. லோர்னாவின் கண் என்னிடம் வந்து போகிறது. சுருளுக்குக் காற்று வேண்டும், அடைத்து வைத்தால் கெட்டுவிடும். டேப் கரகரவென்று உரிகிறது. அவர் தூக்கிய மூடியில் பட்ட ஜன்னல் வெயில் கூரையில் ஆடுகிறது. நாங்கள் எதையும் முதலில் முகர்ந்துதான் பார்ப்போம். வினிகர் வாடை வந்தால் சுருள் அழுகுகிறது என்று அர்த்தம், பக்கத்தில் இருக்கும் சுருள்களையும் கெடுத்துவிடும். லோர்னா குனிகிறாள். வெர்லின் அவள் மூக்கையே பார்க்கிறார். "மதியம் சாண்ட்விச்சோட வினிகர்ல ஊறின வெள்ளரி தின்னேன். அந்த வாடைதான் அடிக்கும்." "கொஞ்சம் இருங்க வெர்லின்," என்று மறுபடி முகர்கிறாள். எனக்கு இங்கேயே அடிக்கிறது. அவள் நிமிர்கிறாள். அவர் என் பக்கம் திரும்புகிறார். நான் சிரித்து வைக்கிறேன். அவர் பார்வை கீழே இறங்குகிறது. என் கைகள் என் டப்பாக்களை மேசையின் மறுகோடிக்குத் தள்ளிக்கொண்டிருக்கின்றன.